பெயர் எழுதிய ஏடுகள்: பினாங்கு அலுவலகங்களும் கப்பலேறி வந்த மக்களும்



நாகப்பட்டினத்தில் புறப்பட்ட கப்பல் பினாங்குத் துறையில் நங்கூரம் போட்டதும், தளத்தில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்த தொழிலாளிகள் உடனே கரை இறங்கிவிட முடியாது. முதலில் அரசாங்க மருத்துவர் கப்பலில் ஏறுவார். அம்மையோ வாந்திபேதியோ இருப்பதாகச் சந்தேகம் தட்டினால், வந்தவர்களை ஜெரெஜாக் தீவிலிருந்த தொற்றுநோய்த் தடுப்பு முகாமுக்குக் கொண்டு போவார்கள். அங்கே நாட்கணக்கில் காத்திருந்து, பிழைத்தவர்கள் டிப்போவுக்கு வந்து சேருவார்கள். டிப்போவில் ஓர் எழுத்தர் பெரிய ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு பெயரையும் ஊரையும் கேட்டு எழுதுவார். பிறகுதான் இன்ன தோட்டத்துக்கு இன்னார் என்று பிரித்து அனுப்புவது.

நம் பாட்டன் பாட்டிமாருக்கும் இந்த நாட்டு அரசாங்கத்துக்கும் ஏற்பட்ட முதல் உறவு அந்த ஏட்டில் எழுதப்பட்ட ஒரு வரிதான். அலுவலகம் என்றாலே நமக்கு ஒருவித அச்சமும் அலுப்பும் உண்டு. 'ஆபீசுக்குப் போனால் அலைய விடுவான்' என்று லயத்தில் சொல்வது வழக்கம். ஆயினும் வேற்று நாட்டிலிருந்து வந்த மக்களுக்கு அலுவலகங்கள் உதவியது உண்டு. உதவாமல் விட்டதும் உண்டு. எப்போது உதவின, எப்போது கைவிட்டன என்று பார்த்தால், யாருடைய பெயர் எந்த ஏட்டில் இருந்தது, அந்த ஏட்டை யார் பணத்தில் யாருக்காக எழுதினார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. இன்றைய பேச்சில் பினாங்கின் சரித்திரத்தை அந்தக் கோணத்தில் காண்போம்.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். 1800இல் எதிர்க்கரையான செபராங் பிறையும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்கள் அதற்கு வெல்லஸ்லி மாகாணம் என்று பெயரிட்டார்கள். ஆரம்பத்தில் அவர்களிடம் பெரிய அலுவலகங்கள் எதுவும் இல்லை. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரைக் 'கப்பித்தான்' என்று நியமித்து, அவர் மூலமாகவே காரியம் பார்த்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்குத் தலைவராயிருந்தவரே கப்பித்தான் கிளிங். அந்தப் பெயரைத் தாங்கிய பள்ளிவாசல் இன்றும் ஜார்ஜ் டவுனின் நடுவே நிற்கிறது. வழக்கு, வம்பு, கல்யாணம், கருமாதி எல்லாம் தலைவர் வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும். வணிகர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தியது. ஆனால் கரும்புத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவனுக்குக் கப்பித்தான் யார்?

கரும்புத் தோட்டங்கள் 1830களுக்குப் பின் செபராங் பிறையில் பெருகின. அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். சஞ்சிக்கூலி என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். கப்பல் கூலியைத் தோட்டக்காரர் முன்பணமாகக் கட்டுவார். அந்தக் கடன் தீரும் வரை தொழிலாளி ஒரே தோட்டத்தில் உழைக்க வேண்டும். நடுவில் ஓடிப் போனால் அது குற்றம். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்பட்டுச் சிறைக்குப் போக வேண்டியதுதான்.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். 1867 ஏப்ரல் முதல் தேதி பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் இந்திய அரசாங்கத்தின் பொறுப்பிலிருந்து நீங்கி, நேரடியாக லண்டனிலிருந்த குடியேற்ற நாடுகள் இலாகாவின் கீழ் வந்தன. அன்று முதல் சட்டப்படி இவை இந்தியாவுக்கு 'வெளிநாடு' ஆகிவிட்டன. வெளிநாட்டுக்குக் கூலி ஆட்களை அனுப்புவதானால் இந்தியச் சட்டத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லை என்பதை மூன்று ஆண்டுகள் ஒருவரும் கவனிக்கவில்லை! 1870இல்தான் கண்டுபிடித்துக் கப்பலை நிறுத்தினார்கள். தோட்டக்காரர்கள் கூச்சலிட்டார்கள். 1872இல் இந்தியாவில் ஒரு சட்டம் போட்டு மீண்டும் வழி திறந்தார்கள். ஆனால் இந்த முறை இந்திய அரசாங்கம் நிபந்தனை போட்டது: அனுப்புகிறோம், வந்தவர்களைக் கவனிக்க உங்களிடம் ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்றது. அதே காலத்தில் செபராங் பிறைத் தோட்டங்களில் கூலிகள் அடிபட்டும் பட்டினி கிடந்தும் சாகிறார்கள் என்று அரசாங்க மருத்துவர்களே எழுதிய புகார்களும் மேலிடத்தை எட்டின. இவற்றின் விளைவாக 1876இல் ஒரு சட்டம் வந்தது. குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரி பினாங்கில் அமர்ந்தார். அடுத்த ஆண்டு, அதாவது 1877இல், சிங்கப்பூரில் சீனர்களுக்கென்று இதுபோன்ற ஒரு பாதுகாவலர் அலுவலகம் வந்தது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

பாதுகாவலர் என்பது நல்ல பெயர். அவர் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் செய்ய வேண்டும். தோட்டங்களுக்குப் போய் லயத்தையும் மருத்துவமனையையும் பார்க்க வேண்டும். கூலிப் புத்தகத்தைத் திறந்து கணக்குப் பார்க்க வேண்டும். சிலர் மனச்சாட்சியோடு செய்தார்கள். ஆனால் அதிகாரி வருகிறார் என்றால் தோட்டத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். அவர் துரை பங்களாவில் தங்கி, துரையோடு சாப்பிட்டு, துரையின் குதிரைவண்டியில் வந்து, 'ஏதாவது குறை உண்டா?' என்று கேட்டால், துரைக்குப் பக்கத்தில் கங்காணி நிற்கும்போது யார் வாயைத் திறப்பார்? 1890இல் நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்கம் தொழிலாளர் நிலையை ஆராய ஒரு விசாரணைக் குழுவையே நியமித்தது. பாதுகாப்பு அலுவலகம் சரியாக நடந்திருந்தால் அப்படியொரு குழுவுக்கு வேலை இருந்திராது என்பது என் கருத்து.

1907ஆம் ஆண்டு ஒரு பெரிய மாற்றம் வந்தது. ரப்பர் பயிர் பெருகி, ஆள் தேவை கூடிவிட்டது. ஒரு தோட்டம் பணம் செலவழித்து ஆளைக் கொண்டுவந்தால், அடுத்த தோட்டம் கூடுதல் காசு காட்டி அவனை இழுத்துக்கொள்ளும். இந்தச் சண்டையைத் தீர்க்கக் குடிநுழைவுக் குழு ஒன்றும் ஒரு நிதியும் ஏற்பட்டன. தமிழர் குடிநுழைவு நிதி என்று தொடங்கிய அது பின்னர் இந்தியர் குடிநுழைவு நிதி ஆயிற்று. இந்தியத் தொழிலாளியை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தாமாக ஆள் கொண்டுவந்தாலும் வராவிட்டாலும், வேலை நாட்களின் கணக்குப்படி இந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்தே கப்பல் கூலி, முகாம் செலவு எல்லாம் போயின. ஆகவே வந்து இறங்கும் தொழிலாளியின் தலையில் கடன் இல்லை. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1910இல் சஞ்சிமுறையும் முடிவுக்கு வந்தது.

இது தொழிலாளியின் மேல் இரக்கப்பட்டுச் செய்த ஏற்பாடு அன்று; முதலாளிகள் தங்களுக்குள் போட்டியை அடக்கச் செய்துகொண்டது. ஆனாலும் கடனின்றிக் கரை இறங்குவது என்பது சஞ்சிக்கூலி கனவிலும் காணாத சலுகை. அலுவலகங்கள் செய்யும் நன்மை பல நேரங்களில் இப்படிப் பக்கவாட்டில்தான் வந்து சேருகிறது.

ஊருக்குத் திரும்பி ஆள் சேர்க்கப் போகும் கங்காணி, அரசாங்க அனுமதிச் சீட்டோடு போக வேண்டும். அந்தச் சீட்டுகளைப் பதிவு செய்த இடங்களில் பினாங்கும் ஒன்று. ஊரில் அவன் சேர்க்கும் ஒவ்வோர் ஆளுக்கும் கிராம முனிசீப்பின் கையெழுத்து வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவருகிறவனையும், சிறு பிள்ளைகளையும் தடுப்பதற்கென்று வைத்த விதி அது. முனிசீப்புக்கு எட்டணா கொடுத்தால் விதி வளைந்திருக்காதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

1912ஐ ஒட்டித் தொழிலாளர் இலாகா முறையாக அமைந்தது. அந்த இலாகாவுக்கு வந்த ஆங்கில உத்தியோகஸ்தர்களைத் தமிழ் கற்கத் தமிழ்நாட்டுக்கே அனுப்பினார்கள். இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. நம் மக்கள் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே கேட்கக்கூடிய ஓர் அதிகாரி பினாங்கில் உட்கார்ந்திருந்தார். ஆனால் மனு எழுத வேண்டுமே! எழுதத் தெரிந்தவர் தோட்டத்தில் கிராணி ஒருவர்தான். கிராணியின் மேல் குறை சொல்ல கிராணியிடமே போய் நிற்க முடியுமா? ஆகவே துணிந்தவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பட்டணம் போய், ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவருக்குக் காசு கொடுத்து எழுதி வாங்கி வந்தார்கள்.

1922இல் இந்தியா புதிய குடிபெயர்வுச் சட்டம் செய்தது. அதற்கு ஈடுகொடுக்க 1923இல் இங்கே தொழிலாளர் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவர் மலாயாவில் தங்கித் தொழிலாளர் நிலையைக் கவனிக்கவும் வழி ஏற்பட்டது. நேயர்களே, இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவை நாம் குறித்து வைக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் 7 வயது முதல் 14 வயது வரை உள்ள, ஒரே இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், அங்கே முதலாளி பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது அது. பினாங்கில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கியது. ஆனால் அது பட்டணத்துப் பிள்ளைகளுக்கு. காட்டுக்குள் இருந்த பிள்ளைக்குப் பள்ளி வந்ததற்கு இந்தப் பிரிவு ஒரு முக்கியக் காரணம். பல இடங்களில் அது ஆயாக் கொட்டகையின் ஒரு மூலை. கங்காணியோ கிராணியோ மாலையில் வந்து சொல்லிக் கொடுத்த பாடம். இருக்கட்டும். மலாக்கோப், மேபீல்டு என்று நம் தாசேக் கெலுகோர் வட்டாரத்துத் தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. 'பத்துப் பிள்ளைகள்' என்ற அந்த எண்ணுக்கு எவ்வளவு நீண்ட ஆயுள் பாருங்கள்.

கூலி விஷயத்தில் கதை வேறு. 1920களின் இறுதியில் குடிநுழைவுக் குழு ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று ஒரு நிர்ணயம் செய்தது. ரப்பர் விலை விழுந்ததும் அதைக் குறைத்தார்கள். 1930களின் தொடக்கத்தில் வேலையிழந்த இந்தியத் தொழிலாளிகள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிதியின் செலவிலேயே கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அழைத்து வந்த அதே நிதி, அதே துறைமுகம், அதே மாதிரி ஏடு. 1936ஆம் ஆண்டின் கடைசியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசாங்கத்தின் சார்பில் மலாயா வந்து, தோட்டங்களைப் பார்த்து அறிக்கை கொடுத்தார். 50, 40 என்ற பழைய கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும், கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்றார். கூலியில் மறுபடியும் கை வைத்தபோது, 1938இல் இந்திய அரசாங்கம் உதவிப் பயணத்தையே தடை செய்துவிட்டது. கூலியை நிர்ணயித்த குழுவில் அதிகாரிகள் இருந்தார்கள், தோட்டத் துரைமார்கள் இருந்தார்கள். பால் வெட்டுகிறவர் ஒருவர் இல்லை.

இனித் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குள் வருவோம். ஜார்ஜ் டவுன் நகராண்மை 1857இல் அமைந்தது. தெருக் கூட்டியவர்கள், சாக்கடை சுத்தம் செய்தவர்கள், இரவு மலம் சுமந்தவர்கள், குழாய் பதித்தவர்கள் எனத் தமிழர் பலர் அதன் வேலையாட்கள். நகரத்தைக் கழுவியவர்கள் நாம்; ஆனால் நகரத்தின் முடிவுகளில் நமக்குக் குரல் இல்லாத காலம் அது. அப்படியும் சமயம், பண்பாடு என்ற வாசல் வழியாக ஓர் அலுவலகம் நம்மை நெருங்கி வந்தது. கோயில் சொத்தையும் பள்ளிவாசல் சொத்தையும் தனியார் தர்மகர்த்தாக்கள் தங்கள் இஷ்டப்படி ஆண்டு வந்ததால் வழக்குகள் மலிந்தன. 1905இல் முஸ்லிம், இந்து அறக்கட்டளைச் சட்டம் பிறந்து, அதன்படி ஒரு வாரியம் அமைந்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் சொத்தும், 1833இல் எழுந்த குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலும் அதன் பார்வைக்கு வந்தன. பிற்காலத்தில் இந்து அறப்பணி வாரியம் தனியே இயங்கலாயிற்று. கோயில் வருமானத்துக்குக் கணக்கு எழுத வேண்டும் என்ற நிலை வந்த பிறகு, அந்த வருமானத்தின் ஒரு பகுதி பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் போகலாயிற்று. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் கல்வி உதவி வழங்கி வருவது நம்மில் பலருக்குத் தெரியும். விண்ணப்பம் போடத்தான் தோட்டத்திலிருந்து பலர் போவதில்லை.

தண்ணீர்மலைக் கோயிலின் கதையும் இதனுடன் சேர்ந்ததே. முருகனின் பழைய சன்னிதி அருவியை ஒட்டி இருந்தது. அதே அருவிதான் ஜார்ஜ் டவுனுக்குக் குடிநீர். நீர்த்தேக்க வேலைக்காகக் கோயில் இடம் மாற வேண்டி வந்து, 1915இல் குன்றின் மேல் கோயில் எழுந்தது. இன்று தைப்பூசம் பினாங்கு மாநிலத்தின் பொது விடுமுறை. தண்ணீர்ப் பந்தலுக்கு அனுமதி, சாலை அடைப்பு, மறுநாள் குப்பை அள்ளுவது வரை மாநகராண்மைக் கழகமும் போலீசும் மற்ற இலாகாக்களும் ஈடுபடுகின்றன.

வாக்குரிமை வந்தபோது நிலைமை மேலும் மாறியது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நடந்த நகராண்மைத் தேர்தலே மலாயாவின் முதல் ஊராட்சித் தேர்தல். 1957 ஜனவரி முதல் தேதி, சுதந்திரத்துக்கு எட்டு மாதம் முன்பே, ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. 1950களின் இறுதியில் அதன் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் என்ற தமிழர். அவர் பெயரில் இன்று பினாங்கில் ஒரு சாலை இருக்கிறது. தெருக்கூட்டும் தமிழனும் மேயராயிருந்த தமிழரும் ஒரே கட்டடத்தில் சம்பளம் வாங்கிய காலம்! வாக்காளர் பட்டியல் என்ற ஏட்டில் பெயர் இருப்பதன் பலன் அது. ஆனால் 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன; அதன் பின் திரும்பி வரவில்லை. மன்ற உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். செபராங் பிறையும் 2019 செப்டம்பர் 16இல் மாநகராகிவிட்டது. நம்முடைய தாசேக் கெலுகோரின் செம்பனைக் காடும் சேற்றுப் பாதையும் இன்று மாநகருக்குள்தான் அடக்கம் என்று சொன்னால் தாத்தாமார் சிரிப்பார்கள்.

இனி நாம் சொல்லப் போவது எல்லாவற்றையும் விட முக்கியமானது: குடியுரிமை ஏடு.

தாசேக் கெலுகோருக்கு வடக்கே மூடா ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு அக்கரை கெடா. அக்கரையிலும் தமிழன்தான் பால் வெட்டினான், இக்கரையிலும் அவனேதான். ஆனால் இக்கரை ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட நீரிணைக் குடியேற்றம். இங்கே பிறந்த பிள்ளை, பிறப்பினாலேயே பிரிட்டிஷ் பிரஜை. அக்கரை மலாய் சுல்தானின் நாடு. அங்கே பிறந்த தோட்டத்துப் பிள்ளைக்கு மண்ணினால் அந்த உரிமை வரவில்லை. 1948இல் மலாயாக் கூட்டரசு ஏற்பட்டபோது, பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்து நெடுங்காலம் அங்கேயே வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜைகள் எளிதில் கூட்டரசுக் குடிமக்களாக முடிந்தது. ஒரு தாயின் இரண்டு பிள்ளைகள், ஒன்று ஆற்றுக்கு இந்தப் பக்கம், மற்றொன்று அந்தப் பக்கம் பிறந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் இருவர் நிலை வேறு வேறு. இந்த உரிமையும் பிறப்புப் பத்திரம் இருந்தவருக்கே கைக்கு எட்டியது. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, அப்பன் கிராணியிடம் சொல்ல மறந்த பிள்ளைக்கு, பிறந்த மண்ணே சாட்சி சொல்ல முன்வரவில்லை.

1957 ஆகஸ்டு 31க்குப் பின் இங்கே பிறந்தவர்கள் பிறப்பினால் குடிமக்கள் ஆனார்கள். 1962இல் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று. சுதந்திரத்துக்கு முன் பிறந்தவர்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் மனுச் செய்து பதிந்துகொள்ள வேண்டும். முதல் ஓராண்டு மலாய் மொழிச் சோதனையைக்கூடத் தளர்த்தினார்கள். தொழிற்சங்கத்தாரும் அரசியல் கட்சியினரும் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார்கள். பதிந்தவர் பலர். 'எனக்கெதற்கு? இரண்டு வருஷத்தில் ஊருக்குப் போய்விடுவேன்' என்று சொல்லி விட்டவரும் பலர். அவர்கள் கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு.

அதன் விலை 1969இல் தெரிந்தது. 1968இல் நிறைவேறிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரே நிரையில் மரம் வெட்டியவரிடம் பெர்மிட் கேட்டார்கள். பல்லாயிரம் தமிழர்கள் நாடு திரும்பினார்கள். 1926இல் கட்டப்பட்ட ராஜூலா கப்பல் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. வந்தபோது பெயர் எழுதிய துறையிலேயே, போகும்போதும் பெயர் எழுதினார்கள்.

இடையில் பழைய குடிநுழைவு நிதி என்னவாயிற்று என்று கேட்கலாம். 1958இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று சட்டப்படி மாற்றியமைக்கப்பட்டது. முதிர்ந்த தொழிலாளர்களுக்கு இல்லம், தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று நடந்து, 1999இல் சட்டத்தின் மூலம் கலைக்கப்பட்டது. நம் முன்னோரின் உழைப்பு நாட்களைக் கணக்கிட்டுச் சேர்ந்த பணம் அது. அது கலைக்கப்பட்ட செய்தி, அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாத தோட்டங்களுக்கு வந்து சேரவே இல்லை.

தமிழர் குடியேறிய நகரங்கள் இன்று உலகில் பல. இலங்கைத் தமிழர் ஏராளமாக வாழும் கனடாவின் டொராண்டோ மாநகரில், நகராண்மைக்குத் தொலைபேசியில் அழைத்தால் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை இணைத்துவிடும் வசதி உண்டு. 2013இல் அந்த நகர மன்றம் ஒரு தீர்மானம் செய்தது: நகரத்தின் சேவைகளைக் கேட்டு வருகிறவரிடம், உன் குடிநுழைவுப் பத்திரம் எங்கே என்று கேட்கலாகாது. பெயரைக் கேட்டு உதவுவது ஒன்று. பெயரைக் கேட்டுத் துரத்துவது வேறொன்று. நமக்கு இரண்டும் பழக்கம் என்பதால் அந்தத் தீர்மானத்தின் அருமை நமக்குப் புரியும். நம் பக்கத்து லயத்திலேயே இன்று வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் குடியிருக்கிறார்கள். முகவருக்குக் கொடுத்த கடன், முதலாளி வாங்கி வைத்த பயணப் பத்திரம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால் சஞ்சிக்கூலியின் கதை மறுபடி நடப்பதுபோல் இருக்கும். 2019 ஜனவரி முதல், வேலையில் அடிபட்டால் உதவும் சொக்சோ காப்புறுதியில் சட்டப்படி பணியமர்த்தப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளியும் சேர்க்கப்பட்டுள்ளார். சம்பளம் கொடுபடாவிட்டால் அவரும் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். எழுதத் தெரியாத அவருக்கு அந்த மனுவை எழுதிக் கொடுக்க இன்று நம் வீட்டுப் பிள்ளைகளால் முடியும்.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து, கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் தாயின் நிலையைத்தான் பார்க்கும். தாய்க்குக் குடியுரிமை இல்லையென்றால் தந்தையின் நீலக் கார்டு அங்கே துணைக்கு வராது. பதிவதிகாரம் பெற்ற கோயில்கள் உண்டு. பதிவு இலாகாவிலும் செய்யலாம். இப்படித் தேங்கிப்போன குடும்பங்களுக்காக 2011 பிப்ரவரியில் 'மைடாப்தார்' என்ற இயக்கத்தை அரசாங்கம் நடத்தியது. தேசியப் பதிவு இலாகா அதிகாரிகள், பத்திரமில்லாத இந்தியர்களைத் தேடி வந்து மனுக்களை வாங்கினார்கள். 2017இலும் அவ்வாறு நடந்தது. தொழிலாளி அலுவலகத்துக்குப் போன காலம் போய், அலுவலகம் தொழிலாளியிடம் வந்தது. என் அனுபவத்தில், பள்ளியில் முதலாம் வகுப்புக்குப் பெயர் பதிய வரும் பிள்ளைகளில் இன்றும் அரிதாக ஒன்று பிறப்புப் பத்திரமின்றி வருகிறது. பாட்டிதான் கையைப் பிடித்து அழைத்து வருவாள்.

தாமதமாகப் பதியும்போது இலாகா சாட்சி கேட்கும். பெற்றோர் கார்டு, திருமணப் பத்திரம், கிளினிக் அட்டை, அண்ணன் அக்காவின் பிறப்புப் பத்திரம், பிள்ளை இங்கே பிறந்து வளர்ந்ததை அறிந்தவரின் வாக்குமூலம் என எது கிடைத்தாலும் கொண்டு போக வேண்டும். முதியவர் விஷயத்தில் பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும், தோட்டத்துச் செக்ரோல் புத்தகமும் துணை நிற்கக்கூடும். தோட்டங்கள் கைமாறும்போது ஆபீஸ் அலமாரியைக் காலி செய்து, இந்தப் புத்தகங்களைத்தான் முதலில் நெருப்பில் போடுகிறார்கள். உங்கள் தோட்டம் விற்கப்படுகிறது என்று கேள்விப்பட்டால், சாமி சிலையை எங்கே வைப்பது என்று கூடிப் பேசும் அதே கூட்டத்தில், செக்ரோல் புத்தகங்கள் யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள்.